கழுதை விமானத்துக்கு ஒரு பொட்டு

ஒத்தப்புளி என்று பேர் வைத்துக்கொண்டு ஒரு புளியமரம்கூட இல்லாத ஊர் ஒன்று கரிசல்காட்டு நடுவில் இருந்தது. பேருக்குக் காரணமான அந்த ஒரே மரத்தையும் சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் வேரோடு தூக்கிப்போட்டுவிட்டுப் போய்விட, அதற்கப்புறம் அங்கே வெயில் மட்டும்தான் தழைத்தது. சந்தைப் பொட்டலில் கூறுகட்டி வைத்த கத்தரிக்காய் விற்பதற்குள் வதங்கிவிடும், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மின்கம்பத்தின் நிழலில் ஒருவர் பின்னால் ஒருவராக நின்று, சூரியன் நகர நகரத் தாங்களும் நகர்ந்து, பஸ் வருவதற்குள் பாதிக் கம்பத்தைச் சுற்றி வந்துவிடுவார்கள். அந்த ஊருக்குத்தான் ஒருநாள் ஒரு விமானத்தின் நிழல் வந்து சேர்ந்தது. விமானம் வரவில்லை, நிழல் மட்டும்தான்.

சந்தை முக்கில் ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு கடைகள் இருந்தன. இடப்பக்கம் பால்வண்ணன் பல்செட் கட்டிக் கொடுக்கும் கடை. மெழுகு, மாவுக்கட்டுப் பொடி, வாயில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும் பல்வரிசைகள். வலப்பக்கம் அவர் மனைவி உலகம்மாளின் ஃபேன்சி ஸ்டோர். வளையல், ரிப்பன், சாந்துப்பொட்டு, நிலைக்கு மேலே 'என்னைப் பார் யோகம் வரும்' என்று பல்லைக் காட்டுகிற கழுதைப் படம். ஒரு பக்கம் பல் சிரிக்கும், மறுபக்கம் கழுதை சிரிக்கும், நடுவில் உலகம்மாள் மட்டும் சிரிக்க மாட்டாள் என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

ஆனால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனைக்கும் திருஷ்டிப்பொட்டு வைத்த கை அவளுடையது. விளக்கெண்ணெய்த் திரியில் புகை பிடித்து அவளே கூட்டுகிற மை, ஒட்டினால் ஒட்டினதுதான், குளிப்பாட்டினாலும் போகாது. செவ்வாயும் வெள்ளியும் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். எவ்வளவு லட்சணமான பிள்ளையாக இருந்தாலும் உலகம்மாள் வாயிலிருந்து அழகு என்ற சொல் வராது. "வந்துட்டியாலே கருவாப்பயலே" என்பாள், மோதிரவிரலால் மையைத் தொட்டுக் கன்னத்தில் ஒற்றுவாள், முடிந்தது. நல்லதை நல்லது என்று வாய்விட்டுச் சொன்னால் அது தங்காது என்று அவள் பிறந்த வீட்டில் சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தார்கள். ஆகவே கட்டிக்கொண்ட நாளிலிருந்து புருஷன் செய்த எதையும் அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை; பால்வண்ணனோ, உலகம் பூராவும் மெச்சினாலும் உலகம்மாள் மெச்சவில்லையே என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்த மனுஷன்.

இளவயதில் அவர் ஒரு விமானப்படைத் தளத்து ஆஸ்பத்திரியில் பல் பிரிவில் வேலை பார்த்தவர். ஜன்னலுக்கு வெளியே ஒரு சரக்கு விமானம் நிற்கும். இரட்டை எஞ்சின், பெருத்த வயிறு, முன்பக்கம் தூக்கி வால்பக்கம் தாழ்ந்து, பாரம் ஏற்றிக்கொண்டு எழுந்திருக்கப் பார்க்கிற பிராணியைப்போல் நிற்கும் அதற்குத் தளத்தில் கழுதை என்றே பேர். புயல் அடித்த ஒரு வருஷம், வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட சனங்களுக்கு அரிசி மூட்டை கொண்டுபோன அதன் வயிற்றுக்குள் பால்வண்ணனும் கை உதவிக்கு ஏறிப்போய், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, இது சண்டை போடப் பிறந்ததில்லை, சுமக்கப் பிறந்தது என்று கண் கலங்கிவிட்டார். அந்தக் கலக்கம் அவரை விட்டுப் போகவேயில்லை. கழுதைக்கு வயதாகி, தூரத்து நகரம் ஒன்றின் பூங்காவில் சிமெண்டு மேடை மேல் அதை நிறுத்திவைத்த பிறகும், வருஷம் தவறாமல் பஸ் ஏறிப்போய் அதன் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவார்.

அதைத்தான் அவர் கட்டினார். எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்று கணக்கு. இறக்கை விரித்தால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. மெழுகில் செதுக்கி, மாவில் அச்சு எடுத்து, பல்செட்டு பிளாஸ்டிக்கில் வார்த்து, பல் குடைகிற ஊசியால் ஆணித்தலைகளை ஒவ்வொன்றாகக் குத்தினார். எக்ஸ்ரே பிலிமைக் கழுவி ஜன்னல் வைத்தார். பாரம் தாங்கித் தாங்கி அடிப்பக்கம் சப்பிப்போன டயர்களை அப்படியே சப்பையாகச் செய்தார். சரக்குக் கதவில் தள்ளுவண்டி உரசிய கீறல், எஞ்சினுக்குப் பின்னால் படிந்த புகைக்கறை, இடது எஞ்சினுக்குள் மைனா கட்டிய கூடு (அதற்குத் தேங்காய்நார்) எதுவும் தப்பவில்லை. பளபளவென்று புதுசாக அவர் கட்டவில்லை. பூங்காவில் நின்று நின்று வெயில் எந்த இடத்தில் எவ்வளவு வெளுக்க வைத்திருந்ததோ அந்த இடத்தில் அவ்வளவு வெளுப்பாக, பெயிண்டில் பெயிண்ட் கலந்து கலந்து பூசினார். முதுகின் மேல் மூக்கிலிருந்து வால்வரைக்கும் ஓடுகிற ஏரியல் கம்பிக்கு எந்த நூலும் பருமனாக இருந்தது.

"உலகு, ஒரு தலைமுடி தாயேன்" என்றார்.

அவள் சீப்பிலிருந்து நீளமாக ஒன்று உருவிக் கொடுத்தாள். வயிற்றுக்குள் அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கதவ மூடிட்டா உள்ள இருக்கது யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"மூட்டை இல்லாம அது எப்படித் தாயி கழுதையாகும்?" என்றார் பால்வண்ணன்.

கடைசிப் பூச்சு காய்வதற்காக ஒரு காலையில் அதை முக்காலி மேல் ஏற்றித் தெருவில் வைத்தார். முக்காலியின் நிழல் முக்காலி அளவுக்கு விழுந்தது. விமானத்தின் நிழல் விமானத்தின் அளவுக்கு விழுந்தது. தெருவைத் தாண்டி, எதிர்வீட்டைத் தாண்டி, பஸ் நிற்கும் இடம் வரைக்கும் குளிர்ச்சியாக, கறுப்பாக, இறக்கை விரித்துப் படுத்துக்கொண்டது. காய்கறிக்காரி பேச்சிக்கனிதான் முதலில் பார்த்தாள். பார்த்தவள் கூச்சல் எதுவும் போடவில்லை. கூடையை இழுத்து இறக்கைக்குள் வைத்துவிட்டு, "பரவால்லயே அண்ணாச்சி, வெயிலுக்கே வித்தியாசம் தெரியாம போயிருச்சே" என்றாள். அதுதான் ஊரின் முடிவும். இராத்திரி டியூப்லைட்டில் வைத்தால் அதன் நிழல் ஒரு முழம்தான். ஆனால் வெயிலுக்கு அந்தக் கழுதையைத் தெரியும், வருஷக்கணக்காக அதன் முதுகைக் காய்ச்சிய வெயில் அது. தான் வெளுத்த வெளுப்பைத் தானே பார்த்து, இது அதுதான் என்று நம்பி, அதற்குண்டான நிழலைக் குறையில்லாமல் கொடுத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

புளியமரம் இருந்த இடத்தில் பஞ்சாயத்து ஒரு கல்தூண் நட்டது. தினமும் காலையில் பால்வண்ணன் விமானத்தைக் கொண்டுவந்து தூண் மேல் வைப்பார், பொழுது சாய எடுத்துப்போவார். இடது இறக்கை காய்கறிக்கு, வலது இறக்கை வளையலுக்கும் துணிக்கும், வயிற்றுப்பகுதி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு, வால் கருவாட்டுக்கு என்று பாகம் பிரிந்தது. கருவாட்டுக்காரர்கள் இறக்கை கேட்டுச் சண்டைக்கு வந்து, காற்று வாட்டத்தை முன்னிட்டு வாலுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஜன்னல்கள் வழியாகத் தரையில் வரிசையாக விழுந்த வெயில் கட்டங்களில் பெண்கள் வடகம் காயப்போட்டார்கள், கட்டத்துக்கு ஒரு வீடு. நிழல் காலையில் மேற்கே நீண்டு, உச்சியில் சுருண்டு, மாலையில் கிழக்கே நீள, சந்தையும் அதோடு கூடையும் தராசுமாகப் பேசிக்கொண்டே நகர்ந்தது. "எங்கக்கா இருக்க?" என்று போனில் கேட்டால், "வலது எஞ்சினுக்குப் பக்கத்துல" என்று பதில் வரும். பெண் பார்க்க வந்தவர்களை மூக்குப்பக்கம் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். அசலூர்க்காரர் யாராவது அண்ணாந்து பார்த்து விமானம் எங்கே என்று கேட்டால், தூணின் உச்சியைக் காட்டி, "அந்தா இருக்கே, கண்ணு தெரியலயா" என்று அவரைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

நாள் போகப் போக நிழலுக்கு வந்த கூட்டத்தைவிட விமானத்தைப் பார்க்க வந்த கூட்டம் பெருத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஆணித்தலையைப் பார்த்தவன் டயரைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்தவன் மைனாக்கூட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை; ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஏரியல் கம்பியைப் பார்த்து, "இது என்ன கம்பி சார், இவ்வளவு நைசா" என்று கேட்டபோது பால்வண்ணன் வெட்கப்பட்டு, சரக்குக் கதவைக் காட்டிப் பேச்சை மாற்றினார். யார் என்ன மெச்சினாலும் அவர் கண் கடைப்பக்கம்தான் போகும். அங்கே உலகம்மாள் ரிப்பன் அளந்துகொண்டிருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பல்செட்டு ஒன்றை மாட்டிப் பார்க்க அவர் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். மேகம் வந்து நிழல் இல்லாத நேரம். பேச்சிக்கனி மூச்சிரைக்க வந்தாள்.

"மதினி, நேத்து ரெண்டு வேன்ல அசலூர்க்காரன் வந்து பாத்துட்டுப் போயிருக்கான். அத்தனை கண்ணும் அது மேலதான். ஊரு பிள்ளைக்கெல்லாம் வைக்கீக, வீட்டுப் பிள்ளைய மறந்துட்டீகளே!"

ஆமாம் என்று கூடியிருந்த எல்லோருக்கும் பட்டது. உலகம்மாள் மைச்சிமிழை எடுத்துக்கொண்டு போனாள். யாரோ தூணிலிருந்து இறக்கிக் கொடுக்க, கட்டி முடித்த பிறகு முதல்முறையாக அதை அவள் கையில் வாங்கினாள். கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை. அவளுடைய தலைமுடி முதுகில் விறைப்பாக ஓடியது. மூடின கதவுக்குள்ளே மூட்டைகள் இருக்கின்றன என்பது இந்த உலகத்தில் தங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்து, நல்லாயிருக்கு என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தே விட்டது. பயந்துபோய் அதை விழுங்கினாள். விழுங்கின சொல்லை விரல்நுனிக்கு அனுப்பினாள். வாலின் இடப்பக்கம், விமானத்தின் நம்பருக்குக் கீழே, அவசரமாக ஒற்றினதால் கொஞ்சம் கோணலாக, உளுந்தளவுக்கு ஒரு பொட்டு விழுந்தது. எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை பால்வண்ணன் விமானத்தைத் தூண் மேல் வைத்தார். தரையில் ஒரு முழத்துக்கு நிழல் விழுந்தது. ஒரு காக்கை உட்கார்ந்த மாதிரி.

கூடைகளோடு வந்தவர்கள் வெயிலில் நின்றார்கள். பால்வண்ணன் விமானத்தை இறக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொட்டில் வந்து நின்றார். யார் வைத்தது என்று கேட்கவேண்டிய அவசியமில்லை. அந்தக் கை ஊருக்கே தெரியும். தின்னர் போட்டுத் துடைத்தார். உலகம்மாளின் மை போகவில்லை, சுற்றியிருந்த பெயிண்ட்தான் போயிற்று. மேலே பூசினார், ஊறி மேலே வந்தது. சுரண்டப் போனவர், சுரண்டினால் வாலே மெலிந்துவிடும் என்று கையை எடுத்து, போன பெயிண்டை மட்டும் பழையபடி கலந்து பூசினார். அப்படியும் நிழல் ஒரு சைக்கிள் அளவுக்குமேல் வளர மறுத்தது. இந்த விமானம் தான் அறிந்த விமானமில்லை என்று வெயிலுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் உலகம்மாளைத் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். திட்டவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது பொய்யாப்போச்சு உலகு. இனிமே அது பொம்மைதான்" என்றார். "வார சந்தையோட ஊர் சனம் ஒருதடவ பாத்துக்கிடட்டும். அப்புறம் பிரிச்சுப் போட்டுருதேன். கண்ணு முன்னால இருந்தா என்னால பல்லுக் கட்ட முடியாது."

"நான் வேணும்னா வச்சேன்?"

"நீ என்ன செய்வ. உனக்கு அது கண்ணுக்குப் பிடிக்கல போல, ஒரு கறுப்பு வச்ச. விடு."

உலகம்மாளுக்கு அந்த வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. பிடித்துப்போய் வைத்த பொட்டைப் பிடிக்காமல் வைத்த கறுப்பு என்று இந்த மனுஷன் எடுத்துக்கொண்டாரே, இத்தனை வருஷம் தான் வைத்த பொட்டையெல்லாம் ஊர் புரிந்துகொண்டது, கட்டினவர் புரிந்துகொள்ளவில்லையே என்று அவளுக்கு அழுகை வந்தது. பிரித்துப்போட்டுவிட்டால் அப்புறம் என்ன சொல்லியும் பயனில்லை.

சந்தை நாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கல்லில் மாவை வார்த்து, கரண்டியின் அடியால் சுற்றிச் சுற்றித் தேய்க்க, அது பெருகிப் பெருகி வட்டமாக விரிந்தது. அரைபடாத ஒரு உளுந்து அவள் விரலில் ஒட்டியிருந்தது. விரலைப் பார்த்தாள், தோசையைப் பார்த்தாள், அடுப்பை அணைத்தாள். இது பூங்காவில் நிற்கிற கழுதையைப்போல் இல்லை என்றுதானே வெயிலுக்குக் கோபம்? இதிலிருந்து பொட்டை எடுக்க முடியாவிட்டால், அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டால் போகிறது.

புருஷன் குளிக்கிற நேரத்தில் நூலெடுத்து, வால்விளிம்பிலிருந்து பொட்டுவரைக்கும் அளந்து, எழுபத்திரண்டு மடங்காகச் சுற்றி முடிச்சுப் போட்டாள். சம்படம் நிறைய மையை அள்ளிக்கொண்டாள். "பஸ்ஸுக்குத்தான் மதினி நேரமாகுது, என்னன்னு போற வழியில சொல்லுங்க" என்று பேச்சிக்கனியும் கூட ஏறினாள்.

பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில் சாய ஆரம்பித்திருந்தது. வேலிக் கம்பிக்கு அந்தப் பக்கம் கழுதை நின்றது. உலகம்மாள் இத்தனை வருஷத்தில் அதைப் பார்க்க வந்ததே இல்லை. நின்று பார்த்தாள். டயர் அடிப்பக்கம் சப்பியிருந்தது. சரக்குக் கதவில் அந்தக் கீறல். இடது எஞ்சினிலிருந்து ஒரு மைனா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. முதுகின் மேல் அவளுடைய தலைமுடி, கம்பியாகி, மூக்கிலிருந்து வால்வரைக்கும் விறைப்பாக ஓடியது.

"ஆத்தாடி பேச்சி" என்றாள் உலகம்மாள். "அவுக செஞ்ச மாதிரியே செஞ்சு வச்சிருக்கான் பாரேன்!"

காவலாளி ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். சமாசாரத்தைக் கேட்டதும் கையை விரித்தார்.

"அரசாங்கச் சொத்தும்மா. கைவைக்கப்படாது."

"இருக்கட்டும் அண்ணாச்சி. இது இங்க வந்து எம்புட்டு வருஷமாச்சு?"

"நான் வேலைக்கு வந்ததுலருந்து நிக்கி."

"இம்புட்டுப் பெரிய பிள்ளைய, இம்புட்டு லச்சணமான பிள்ளைய, வெட்டவெளியில நிறுத்தி, போறவன் வாரவன் எல்லாம் அண்ணாந்து பாக்க விட்டிருக்கீகளே, ஒருநாளாவது ஒரு பொட்டு வச்சிருக்கீகளா?"

காவலாளி கம்பைத் தாழ்த்தினார். விமானத்தைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் பேரன் பேத்தி உண்டு.

"அதான போன மழைக்கு மேடை வெடிச்சு முன்சக்கரம் ரெண்டு விரக்கடை எறங்கிருச்சு" என்று மெல்லச் சொன்னார். "மைனாக்குஞ்சு ஒண்ணும் தங்க மாட்டேங்குது. எனக்குத் தோணவே இல்ல தாயி." ஏணி கொண்டுவரப் போனார்.

ஏணியின் ஒரு காலைக் காவலாளியும் ஒரு காலைப் பேச்சிக்கனியும் பிடித்துக்கொள்ள, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உலகம்மாள் ஏறினாள். தகரம் தகித்தது. நூலைப் பிடித்து இடத்தைக் குறித்தாள். இந்த முறை மோதிரவிரல் போதாது. உள்ளங்கை நிறைய மையை எடுத்து, எல்லாப் பிள்ளைக்கும் சொல்கிற மாதிரி, "வந்துட்டியாலே கருவாப்பயலே" என்று சொல்லி ஒற்றி, கரண்டியால் தேய்ப்பதுபோல் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். தோசையளவுக்கு வட்டம் விரிந்தது. தள்ளிப் பார்த்தாள். வட்டம் அம்சமாக இருந்தது, அதுதான் தப்பு. ஊரில் வைத்தது கோணல் என்பது நினைவுக்கு வர, வலப்பக்கம் லேசாக இழுத்துக் கோணலாக்கினாள்.

கீழே இறங்கி, கையெல்லாம் கறுப்பாக நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. பேச்சிக்கனிதான் எடுத்து அவள் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரே சத்தம். கூடையை இழுக்கிற சத்தம், இடது இறக்கை எனக்கு, தள்ளு தள்ளு என்கிற கூச்சல், நடுவே பால்வண்ணனின் குரல் உடைந்து உடைந்து வந்தது.

"உலகு... பிரிக்கலாம்னு கைய வச்சேன்... வந்துருச்சு. முழுசா வந்துருச்சு உலகு. பொட்டு அப்படியேதான் இருக்கு, நிழலும் வந்துருச்சு. கடையில உன்னக் காணோம், எங்க இருக்க?"

உலகம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் தலைக்கு மேலே வாலின் இறக்கை விரிந்திருந்தது. அதன் நிழல் அவள் மேலும் பேச்சிக்கனி மேலும் காவலாளி மேலும் குளிர்ச்சியாக விழுந்திருந்தது.

"நானும் அதுக்க நிழல்லதான் நிக்கேன்" என்றாள். "வால் பக்கம் வந்திருக்கேன்."

 எங்கே, எப்படி, எதற்கு என்று ஒவ்வொன்றாக அவருக்குப் புரிந்துகொண்டு வருவது அவளுக்குக் கேட்டது. அப்புறம் அவர் அழுவதும் கேட்டது.

"என்னங்க" என்றாள். "நல்லா கட்டியிருக்கீக."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்று திடுக்கிட்டு, பழக்கத்தில் மோதிரவிரலைத் தூக்கினாள். வாலைப் பார்த்தாள். பொட்டு கோணலாக, தோசையளவுக்கு, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. இனி எந்தச் சொல்லும் ஒன்றும் செய்துவிடாது. விரலை இறக்கிக்கொண்டு, காவலாளிக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னாள்.